இணையக் கூப்பனும் இல்லத்துச் சிக்கனமும்

சென்னைப் பட்டினத்தின் வடகோடியில், கடலுக்கும் கொசஸ்தலையாற்றின் கழிமுகத்துக்கும் அருகே அமைந்தது காத்திவாக்கம். 2011ஆம் ஆண்டு வரை இது தனி நகராட்சியாக இருந்து, அவ்வாண்டில் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. தெற்கே திருவொற்றியூர், வடக்கே எண்ணூர் முகத்துவாரமும் மீனவர் குப்பங்களும். மோட்டார்த் தொழிற்சாலைக்குச் செல்லும் தொழிலாளர், துறைமுகத்தில் ஒப்பந்தக் கூலி வேலை பார்ப்போர், வலையையும் கட்டுமரத்தையும் நம்பி வாழ்வோர் என்று பலதிறத்தாரும் கலந்து குடியிருக்கும் ஊர். இவ்வூராருக்குப் பண்டிகைத் துணிமணி என்றால் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு என்பதே வெகுகாலப் பழக்கம். மின்சார ரயிலேறியோ, சரக்குப் பெட்டிகளைச் சுமந்த லாரிகள் வரிசையாக நிற்கும் எண்ணூர் நெடுஞ்சாலையில் பஸ் ஏறியோ சென்று, ஒரு முழுப் பொழுதைச் செலவழித்து, மூட்டையோடு திரும்புவார்கள்.

இன்று அவ்வழக்கம் ஓரளவு மாறிவிட்டது. கைப்பேசியில் சாமானைப் பார்த்து, 600057 என்ற அஞ்சல் எண்ணை இட்டால், இரண்டு மூன்று நாட்களில் பொட்டலம் வீட்டு வாசலுக்கே வந்து சேருகிறது. இந்தப் புது வியாபாரத்தோடு கூட வந்த ஒரு விஷயந்தான் கூப்பன். "கூப்பன் போட்டு வாங்கினாயா, சும்மா வாங்கினாயா?" என்று அண்டை வீட்டாரை விசாரிப்பது இப்போது சகஜமாகிவிட்டது. நெசவாளரும் விவசாயிகளும் படிக்கும் கூட்டுறவு ஏட்டில் இதற்கு என்ன வேலை என்று சில அங்கத்தினர்கள் கேட்கக்கூடும். நாம் வாங்குகிறவர்கள் மட்டும் அல்லர், விற்கிறவர்களும் ஆவோம். ஒரு கையில் நாம் வாங்கும் தள்ளுபடி மற்றொரு கையில் யாருடைய கூலியிலிருந்து கழிகிறது என்று பார்க்கும் கடமை மற்ற எவரையும்விட நமக்கு அதிகம் உண்டு.

கூப்பன் என்ற சொல் நம்மவருக்குப் புதியதன்று. இரண்டாவது உலக யுத்தக் காலத்துப் பங்கீட்டை நினைவில் வைத்திருந்த பெரியவர்களுக்குக் கூப்பன் என்றால் அளந்து கொடுக்கும் அரிசிக்கான சீட்டு என்றே பொருள். இலங்கையில் யாழ்ப்பாணத்தார் கூட்டுறவுக் கடையைச் 'சங்கக்கடை' என்றும் 'கூப்பன் கடை' என்றும் வழங்கியதற்கும் காரணம் அதுவே. அந்தக் கூப்பன் தட்டுப்பாட்டின் பிள்ளை. இருக்கிற பண்டத்தை எல்லோருக்கும் சமமாகப் பகிர்வதற்காகப் பிறந்தது. இக்காலத்துக் கூப்பனோ மிகுதியின் பிள்ளை. கிடங்கில் குவிந்திருக்கும் பண்டத்தை எவ்விதமேனும் நம் தலையில் ஏற்றிவிடுவதற்காகப் பிறந்தது. பெயர் ஒன்றாயினும் பிறவி வேறு என்பதை அன்பர்கள் முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்ளல் நலம்.

இணையக் கூப்பன் தளம் என்பது கடையன்று. அங்கே சாமான் எதுவும் விற்பதில்லை. பல கடைகள் வெளியிடும் தள்ளுபடிக் குறிச்சொற்களை ஓரிடத்தில் திரட்டி வைத்திருக்கும் அறிவிப்புப் பலகை என்று அதனைச் சொல்லலாம். நம் நாட்டில் 2010இல் தோன்றிய கூப்பன்துனியா, 2013இல் ஐதராபாத்தில் தோன்றிய கிராப்ஆன், அதே ஆண்டில் தொடங்கிய கேஷ்கரோ ஆகியவை இவ்வகையில் பெயர் பெற்றவை. கூப்பன்துனியா 2014இல் டைம்ஸ் இன்டர்நெட் நிறுவனத்தின் வசமாயிற்று. கேஷ்கரோவில் 2016இல் ரத்தன் டாட்டா முதலீடு செய்தார். பெருந்தனக்காரர்கள் பணம் போடும் அளவுக்கு இதில் வரும்படி இருக்கிறதென்றால், அந்த வரும்படி எங்கிருந்து வருகிறது? தளத்தைப் பார்க்க நம்மிடம் காலணாவும் கேட்பதில்லையே!

விடை எளியது. ஒருவர் கூப்பன் தளத்துக்குச் சென்று, அங்குள்ள இணைப்பை அழுத்தி, கடையின் பக்கத்துக்குப் போய்ச் சாமான் வாங்குகிறார். 'இந்த வாடிக்கைக்காரர் இன்னாரால் அனுப்பப்பட்டவர்' என்ற குறிப்பு அந்த இணைப்பின் வாயிலாகவே கடைக்குத் தெரிந்துவிடுகிறது. விற்பனை முடிந்ததும் கடைக்காரர் அந்தத் தளத்துக்குக் கமிஷன் கொடுக்கிறார். ஊர்ச் சந்தையில் ஆள் அழைத்து வருபவனுக்குக் கடைக்காரர் கொடுக்கும் தரகு எதுவோ அதுவே இது. ஆள் மாறிற்று, வித்தை மாறவில்லை. தளத்துக்கு லாபம் நாம் சேமிப்பதால் வருவதன்று, நாம் வாங்குவதால் வருவது. ஆகையால் 'இன்று இரவு 12 மணியோடு முடிகிறது', 'இன்னும் 3 பேருக்கு மட்டுமே' என்றெல்லாம் முரசு அறைவதில் வியப்பொன்றும் இல்லை.

இந்தக் கமிஷனில் ஒரு நுட்பமான விதி உண்டு. வாங்குபவர் பல வழியாக அந்தக் கடையை அறிந்திருக்கலாம். ஆனால் பணம் கட்டுமுன் கடைசியாக எவருடைய இணைப்பை அழுத்தினாரோ அவருக்கே தரகு சேரும் என்பது பெரும்பாலான கடைகளின் ஏற்பாடு. இந்த விதியினால் எழுந்த பெரிய வழக்கு ஒன்றை இங்கே சொல்வது பொருந்தும். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 2012இல் தொடங்கிய ஹனி என்ற செயலி, பணம் கட்டும் பக்கத்தில் தானாகவே கூப்பன்களைத் தேடிப் பொருத்திப் பார்ப்பதாகச் சொல்லிக் கோடிக்கணக்கானவர்களைக் கவர்ந்தது. பேபால் நிறுவனம் சுமார் 400 கோடி டாலர் கொடுத்து அதை வாங்குவதாக 2019இல் அறிவித்தது. 2024ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த ஒரு யூடியூப் ஆய்வுப் படம், மற்றவர்களுக்குச் சேரவேண்டிய தரகைக் கடைசி நொடியில் அந்தச் செயலி தன் பேருக்கு மாற்றிக்கொள்வதாகவும், இருப்பதிலேயே நல்ல கூப்பனை எப்போதும் காட்டுவதில்லை என்றும் குற்றஞ்சாட்டியது. சரக்குகளைப் பரிந்துரைத்துப் பிழைப்பு நடத்தும் பலர் நீதிமன்றம் சென்றனர். தொழிலில் எல்லோரும் பின்பற்றும் கடைசி இணைப்பு விதியைத்தான் தாமும் பின்பற்றுவதாக பேபால் தரப்பில் கூறப்பட்டது. 2025 மார்ச்சில் கூகிள் நிறுவனம், வாங்குபவருக்கு நன்மை ஏதும் தராமல் இவ்வாறு தரகுக் குறியைப் புகுத்தும் செருகுநிரல்களுக்குத் தடை விதித்தது. நாலு ரூபாய் தள்ளுபடிக்குப் பின்னால் இத்தனை பெரிய கொடுக்கல் வாங்கல் ஓடுகிறது என்பதை அறிவதற்காகவே இதனை விரித்துச் சொன்னோம்.

நிற்க. கூப்பனால் நமக்கு மெய்யாகவே மிச்சமாகிறதா? ஆகிறது, ஆனால் விளம்பரத்தில் காணும் அளவன்று. காகிதமும் பென்சிலும் எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு புடவையின் அச்சிட்ட விலை ரூ.1,500, தளத்தில் விற்கும் விலை ரூ.999 என்று கொள்வோம். '20 சதவிகிதத் தள்ளுபடி' என்று கூப்பன் பெரிய எழுத்தில் பேசுகிறது. கீழே பொடி எழுத்தில் 'ரூ.100 வரை' என்று ஒரு வரி. 20 சதவிகிதம் என்றால் ஏறத்தாழ ரூ.200 குறைய வேண்டும், குறைவது ரூ.100. அனுப்பும் கூலி ரூ.60 கூடுகிறது. ஆக நாம் கொடுப்பது ரூ.959. உண்மையான மிச்சம் ரூ.40; அதாவது நூற்றுக்கு நாலு. அச்சிட்ட விலையோடு ஒப்பிட்டு 'ரூ.541 சேமித்தீர்கள்' என்று திரை நம்மை வாழ்த்தும். அந்த வாழ்த்தை வைத்துக்கொண்டு உப்புக்கூட வாங்க முடியாது. அதே புடவை எம்.சி. ரோட்டில் ரூ.900க்குக் கிடைக்குமானால், ரயில் கட்டணம் போகவும் லாபம் அங்கேதான்.

அச்சிட்ட விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பொட்டலப் பண்டத்தின் மீது எல்லா வரிகளும் அடங்கிய அதிகபட்ச சில்லறை விலை குறிக்கப்பட வேண்டும் என்பது 2009ஆம் ஆண்டுச் சட்டமுறை எடையளவுச் சட்டத்தின்கீழ் வந்த விதி. அதற்கு மேல் விற்கலாகாது. ஆனால் அதனை எவ்வளவு உயரத்தில் அச்சிடலாம் என்பதற்குப் பெரும்பாலான பண்டங்களில் தடையில்லை. ஏணியை உயரத்தில் நாட்டிவிட்டுப் பத்துப் படி இறங்கிக் காட்டுவது எளிது. எத்தனை சதவிகிதம் குறைந்தது என்று பாராமல், கையிலிருந்து போவது எவ்வளவு என்று பார்ப்பவரே இந்தக் கணக்கில் ஏமாறாதவர்.

இன்னொரு வகை 'கேஷ்பேக்' எனப்படும் பணத் திருப்பம். இதில் தளம் தான் பெறும் தரகில் ஒரு பங்கை நமக்கே திருப்பித் தருகிறது. ரூ.1,000 விற்பனைக்குக் கடை ரூ.60 கமிஷன் கொடுத்தால், தளம் ரூ.40ஐ நமக்குக் கொடுத்து ரூ.20ஐத் தான் வைத்துக்கொள்ளும் என்று உதாரணமாகச் சொல்லலாம். சாமானைத் திருப்பி அனுப்பும் கெடு கழிந்த பிறகே அப்பணம் உறுதியாகும். அதற்குச் சில வாரங்களோ மாதங்களோ பிடிக்கும். குறைந்தபட்சத் தொகை சேர்ந்த பின்னரே எடுக்க முடியும் என்ற நிபந்தனையும் உண்டு. இடையில் வேறொரு இணைப்பை அழுத்திவிட்டால் கணக்கில் பதியாமலே போகவும் கூடும். பொறுமையும் குறித்து வைக்கும் பழக்கமும் உள்ளவர்களுக்கு இது பயன்படும். 'வரப்போகிற' ரூ.40ஐ நம்பி இன்றைக்கே ரூ.1,000 செலவிடுவோருக்கு இது ஆகாது.

வாங்கியவருக்கே லாபத்தில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுப்பது என்ற இந்தக் கருத்து எங்கிருந்து வந்தது? நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம், இது நெசவாளர்களின் கண்டுபிடிப்பு என்று. இங்கிலாந்தில் ராச்டேல் நகரின் டோடு லேன் என்ற சந்தில் 1844ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் மாலை ஒரு சிறு கடை திறக்கப்பட்டது. அதை நடத்தியவர் 28 பேர். அவர்களில் பலர் கம்பளித் துணி நெய்தவர்கள். கூலிக் குறைப்பாலும் கலப்படச் சாமானாலும் நொந்துபோன அவர்கள், வாரந்தோறும் இரண்டு மூன்று பென்னியாகச் சேர்த்து முதல் திரட்டினார்கள். மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் மா, மெழுகுவர்த்தி ஆகிய அற்பச் சரக்குகளே முதல் நாள் விற்பனை. சந்தை விலைக்கே விற்பது, காலாண்டுக் கணக்கில் மிஞ்சும் லாபத்தை ஒவ்வோர் அங்கத்தினரும் எவ்வளவுக்குச் சாமான் வாங்கினாரோ அந்த விகிதப்படி பகிர்ந்தளிப்பது என்பது அவர்கள் வகுத்த ஏற்பாடு. கொள்முதல் ஈவு என்று நாம் சொல்வது இதையே. உலகெங்கும் நுகர்வோர் கூட்டுறவுக்கு இதுவே ஆதாரமாயிற்று. சென்னையில் 1904ஆம் ஆண்டில் தோன்றிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கமும் அந்த வழியில் வந்ததே.

தனியார் வியாபாரிகள் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. அமெரிக்காவில் 1880களின் இறுதியில் கோகோ கோலாக் கம்பெனி, ஒரு கோப்பை பானம் இனாம் என்று சீட்டுகளை வழங்கிற்று. 1896இல் ஸ்பெர்ரி அண்டு ஹட்சின்சன் என்ற கம்பெனி பச்சை வில்லைகளைப் புகுத்தியது. சாமான் வாங்குந்தோறும் வில்லை கொடுப்பார்கள், புத்தகத்தில் ஒட்டிச் சேர்த்தால் பரிசுப் பொருள். இங்கிலாந்தில் 1958இல் கிரீன் ஷீல்டு வில்லைகள் வந்தபோது அவற்றின் மோகம் எவ்வளவு பரவிற்றென்றால், ஈவுக்குப் பேர்போன கூட்டுறவுக் கடைகளே 1960களில் தங்கள் ஈவை வில்லையாக மாற்றிக் கொடுக்கும்படி ஆயிற்று. இன்றைய கூப்பன் தளமும் பணத் திருப்பமும் அந்த வில்லையின் பேரப்பிள்ளைகள். கொள்முதல் ஈவுக்கும் இவற்றுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஈவு எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் வரும்; எழுத்தறியாத மூதாட்டிக்கும் வரும். கூப்பனோ தேடித் தெரிந்தவருக்கு மட்டும் கிடைக்கும். தெரியாதவர் முழு விலை கொடுப்பார். தெரிந்தவருக்குக் கொடுக்கும் சலுகையின் செலவைத் தெரியாதவர் சுமக்கிறார் என்று சொன்னாலும் தவறில்லை. காத்திவாக்கத்தில் கைப்பேசி பழகிய இளைஞருக்கும், அதே வீட்டில் கருவாடு விற்று வாழும் பாட்டிக்கும் ஒரே சோப்பு இரு விலைக்கு வந்து சேருகிறதென்றால் காரணம் இதுவே.

நமது துணிக்கு வருவோம். கைத்தறிக்கும் தள்ளுபடிக்கும் உள்ள உறவு பழையது. 1953ஆம் ஆண்டில் மத்திய அரசு மில் துணியின் மீது கெஜத்துக்கு 3 பை வீதம் கூடுதல் தீர்வை விதித்துச் சட்டம் இயற்றியது. அதன் வரும்படி கதருக்கும் கைத்தறிக்கும் உதவியாக ஒதுக்கப்பட்டது. வாடிக்கைக்காரருக்குக் கிடைத்த ரிபேட்டும் அவ்வழியில் வந்ததே. அன்றுமுதல் ரிபேட் என்பது நெசவாளன் தன் கூலியை விட்டுக்கொடுத்துத் தரும் சலுகையாக இல்லாமல், சமுதாயம் அவனுக்காக ஏற்றுக்கொண்ட செலவாக இருந்துவந்திருக்கிறது. 1935இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் தீபாவளிக் காலத்தில் வழங்கும் 30 சதவிகிதத் தள்ளுபடியும் அரசின் ஆதரவோடு நடப்பது. ரூ.2,000 பெறுமான புடவை ரூ.1,400க்குக் கிடைக்கும். இதற்குக் குறிச்சொல் தேவையில்லை. உச்சவரம்பைப் பொடி எழுத்தில் ஒளித்து வைப்பதும் இல்லை. கோ-ஆப்டெக்ஸின் இணையக் கடையிலும் வாங்கலாம் என்பதால், கடைக்குப் போக நேரமில்லை என்ற சாக்கும் செல்லாது.

இதைவிட நம் கவனத்துக்கு உரியது 'கனவு நனவு' என்ற மாதச் சேமிப்புத் திட்டம். மாதம் ரூ.300 முதல் ரூ.3,000 வரை 11 தவணை வாடிக்கைக்காரர் கட்ட, 12ஆவது தவணையைக் கோ-ஆப்டெக்ஸே இட்டு, முதிர்ந்த தொகைக்குத் தள்ளுபடியோடு துணி வாங்க இடமளிக்கும் ஏற்பாடாக இது நடந்துவந்திருக்கிறது. மாதம் ரூ.500 கட்டுபவர் கதையைப் பார்ப்போம். 11 மாதத்தில் அவர் கட்டியது ரூ.5,500, கையில் சேர்வது ரூ.6,000. 30 சதவிகிதத் தள்ளுபடி உள்ள காலத்தில் அத்தொகைக்கு ஏறக்குறைய ரூ.8,570 விலையுள்ள துணி எடுக்கலாம். மூவாயிரம் ரூபாய்க்கு மேல் மிச்சம். இந்த அளவு மிச்சத்தைத் தரக்கூடிய கூப்பன் எந்தத் தளத்திலும் நம் கண்ணில் படவில்லை. தீபாவளிக்கு முதல் வாரம் கடன் வாங்கித் துணி எடுத்து, பொங்கல் வரை வட்டி கட்டும் குடும்பங்கள் இக்கணக்கைப் பார்க்க வேண்டும். தவணையும் நிபந்தனையும் ஆண்டுக்காண்டு மாறக்கூடுமாதலால், அருகிலுள்ள விற்பனை நிலையத்தில் அவ்வப்போது விசாரித்துக்கொள்ளலாம்.

இனி, விற்கும் பக்கம். காத்திவாக்கத்துக்குத் தெற்கே திருவொற்றியூரில் காலடிப்பேட்டை என்று ஓர் இடம் உண்டு. 1717 முதல் 1720 வரை சென்னைக் கவர்னராக இருந்த ஜோசப் காலெட்டின் பெயரால் நெசவாளர்களுக்கென்று அமைந்த பேட்டை அது. காலெட் பேட்டை வாயில் புரண்டு காலடிப்பேட்டை ஆயிற்று. நெசவாளனுக்கும் துணி உடுத்துபவனுக்கும் இடையே கம்பெனியும் துபாஷியும் தரகரும் நின்று விலை பேசிய காலம். முந்நூறு ஆண்டுகள் கழிந்தபின், நெசவாளன் துணியை இணையச் சந்தையில் ஏற்றுகிறான். இடையே இப்போது நிற்பவர் யார் என்று பார்த்தால், சந்தையை நடத்தும் கம்பெனி, பொட்டலம் சுமப்பவர், விளம்பரம் செய்பவர், கூப்பன் தளத்தார் என்று நால்வர்! ரூ.500க்கு ஒரு துண்டு ஜோடியை விற்கும் தறிக்காரருக்கு எல்லாச் செலவும் போக ரூ.60 நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். திருவிழாக் காலத் தள்ளுபடியில் சேரும்படி சந்தைக்காரர் வற்புறுத்த, 10 சதவிகிதக் கூப்பனை அவர் தம் பங்கில் ஏற்றால் ரூ.50 போயிற்று. நிற்பது ரூ.10. விற்பனை பெருகிற்று என்று கணினி வரைபடம் காட்டும். அடுப்பு எரிவது வரைபடத்தினால் அன்று.

ஆதலால் இணையச் சந்தையில் சரக்கு ஏற்றும் சங்கங்கள், கூப்பன் செலவு யாருடைய கணக்கில் எழுதப்படுகிறது என்று எழுத்து மூலம் கேட்டுத் தெரிந்துகொண்ட பின்னரே அத்தகைய விற்பனைகளில் சேர வேண்டும். சந்தைக்காரர் தாமே ஏற்கும் தள்ளுபடியும் உண்டு, விற்பவர் தலையில் கட்டும் தள்ளுபடியும் உண்டு. திரையில் இரண்டும் ஒரே மாதிரி தோன்றும். நெசவாளரும் கைவினைஞரும் இடைத்தரகரின்றி விற்பதற்காக மத்திய அரசு 2023இல் தொடங்கிய இந்தியா ஹேண்ட்மேட் என்ற இணையக் கடையையும் சங்க நிர்வாகிகள் பரிசீலிக்கலாம். வாங்குபவர்களுக்கும் ஒன்று சொல்வோம். 'கைத்தறி' என்று எழுதிப் பாதி விலைக்குக் கூப்பனும் கொடுத்து விற்கப்படும் புடவைகளில் விசைத்தறிச் சரக்கு மிகுதி. கைத்தறி முத்திரை 2006 முதல் நடைமுறையில் இருக்கிறது. அம்முத்திரை உண்டா என்று கேளாமல் கைத்தறி விலை கொடுக்க வேண்டாம்.

விவசாய அங்கத்தினர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மானிய உரத்துக்குக் கூப்பன் என்பது கிடையவே கிடையாது. யூரியா முதலிய மானிய உரம், உரிமம் பெற்ற கடையிலும் சங்கத்திலும், விற்பனை முனைக் கருவியில் ஆதாரைப் பதிந்தே கொடுக்கப்படுகிறது. பாதி விலையில் யூரியா என்று கைப்பேசிக்கு வரும் செய்தி எதுவாயினும் அது தூண்டில். விதையை எங்கே வாங்கினாலும் ரசீதும், பையின் மேலுள்ள அடையாளச் சீட்டும் அறுவடை வரை வீட்டில் இருக்க வேண்டும். முளைப்பு தவறினால் கேட்பதற்கு வேறு ஆதாரம் இராது. தெளிப்பான், தார்ப்பாய், குழாய் போன்ற கருவிகளுக்குக் கூப்பன் தேடுவதில் தவறில்லை.

கூப்பனை முற்றிலும் ஒதுக்கிவிடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. பள்ளிப் பை, மிக்ஸி, கைப்பேசி உறை, குழந்தைக்கான பண்டங்கள் முதலியவற்றில் அதனால் நூறு இருநூறு மிச்சப்படுத்துகிற இல்லத்தரசிகள் எத்தனையோ பேர். அவர்களிடம் காணும் ஒரு பொதுப் பழக்கம், வேண்டிய சாமானை முதலில் தீர்மானித்து, ஒரு நோட்டில் எழுதி வைத்து, பிறகே கூப்பன் தேடுவது. தளத்தைத் திறந்து 'இன்று எதற்குத் தள்ளுபடி?' என்று பார்க்கத் தொடங்குபவர் வாங்காமல் எழுந்திருப்பதில்லை. மற்றொன்று, கூப்பன் தளத்தில் கிடைக்கும் குறிச்சொல் பலவும் காலாவதியானவை. கடையின் சொந்தப் பக்கத்தில், பணம் கட்டுமிடத்திலேயே 'உரிய சலுகைகள்' என்று பட்டியல் இருக்கும். முதலில் அதைப் பார்த்தால் பாதி அலைச்சல் மிச்சம். குறிப்பிட்ட பாங்கியின் அட்டைக்கு மட்டும், முதன்முறை வாங்குபவருக்கு மட்டும், இவ்வளவு ரூபாய்க்கு மேல் வாங்கினால் மட்டும் என்ற மூன்று நிபந்தனைகளையும் படிக்காமல் விரலை அழுத்தலாகாது. கூப்பன் பொருந்தவேண்டும் என்பதற்காக ரூ.300 சாமானோடு வேண்டாத ரூ.200 சாமானைச் சேர்ப்பது சிக்கனத்தில் சேராது.

கூட்டுறவாளர்களுக்கு இதில் ஒரு நல்ல வழி இருக்கிறது. ஒரு தெருவில் நான்கு குடும்பங்களுக்கு எண்ணெய், சோப்பு, பருப்பு தேவை என்றால், நால்வரும் தனித்தனியே அனுப்பும் கூலி கொடுப்பானேன்? ஒருவர் பெயரில் ஒரே உத்தரவாகக் கொடுத்தால் குறைந்தபட்சத் தொகை தானே எட்டிவிடும், கூலியும் ஒன்றாகும். ராச்டேல் காரர்கள் செய்ததும் கிட்டத்தட்ட இதுவே. ஒரு சங்கத்தின் மகளிர் அங்கத்தினர்கள் மாதம் ஒருமுறை கூடி இப்படி உத்தரவு சேர்க்கலாம். யார் பணம் கட்டினார், யாருக்கு எவ்வளவு, பணத் திருப்பம் வந்தால் எப்படிப் பங்கிடுவது என்பதை மட்டும் முன்கூட்டியே நோட்டில் எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்வது நட்புக்கும் நல்லது. அவ்வாறு கூட்டாக வாங்குமுன், அதே பட்டியலைக் கூட்டுறவுப் பண்டகசாலை விலையோடு ஒருமுறை ஒத்துப் பார்க்கும்படியும் வேண்டுகிறோம். பருப்பிலும் எண்ணெயிலும் பண்டகசாலை பல சமயம் வென்றுவிடும்.

எச்சரிக்கைக்கு உரிய விஷயம் இன்னும் உண்டு. பண்டிகை நெருங்கும்போது பேர்பெற்ற கடைகளின் பெயரில் 'ரூ.5,000 பரிசுக் கூப்பன்' என்று வாட்ஸ்அப்பில் செய்தி உலாவும். இணைப்பை அழுத்தினால் அசல் கடையைப் போன்ற பக்கம் திறக்கும். பத்துப் பேருக்கு அனுப்பச் சொல்லும். பிறகு பாங்கி விவரம் கேட்கும். யு.பி.ஐ. வழியே பணம் பெறுவதற்கு இரகசிய எண்ணை இடவேண்டிய அவசியமே இல்லை. எண்ணை இடும்படி யார் கேட்டாலும், போவது நம் பணம். கூப்பனைப் பெறுவதற்குக் கட்டணம் கேட்பதும், கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவெண்ணைக் கேட்பதும் இதே ரகம். மாதக் கூலியை பாங்கிக் கணக்கில் பெறும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஒரே இரவில் அந்த மாதச் சோறு போய்விடும். ஏமாந்தது தெரிந்த உடனே, ஒரு மணி நேரமும் தாமதியாமல், 1930 என்ற எண்ணில் கூப்பிட வேண்டும். விரைவாகச் சொன்னால் பணம் அடுத்த கணக்குக்குத் தாவுமுன் நிறுத்திவைக்க வழியுண்டு. வெட்கப்பட்டுக்கொண்டு காலைவரை காத்திருப்பதால்தான் பலருடைய பணம் திரும்புவதில்லை.

மோசடி இல்லாமல் வியாபாரத்திலேயே நேரும் குறைகளுக்குச் சட்டம் வேறு வழி வைத்திருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகளும் நமக்குத் துணை. ஒவ்வொரு இணையக் கடையும் குறைதீர்க்கும் அதிகாரி ஒருவரை நியமித்து அவர் பெயரை வெளியிட வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். 2023 நவம்பர் 30ஆம் தேதி வெளியான மற்றோர் ஆணை 13 வகைத் தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடுக்கிறது. இல்லாத அவசரத்தைக் காட்டி வாங்கத் தூண்டுவது, கேளாத சாமானைக் கூடையில் நுழைப்பது, பணம் கட்டும் நேரத்தில் புதுக் கட்டணங்களை ஒவ்வொன்றாகச் சேர்ப்பது ஆகியவை அப்பட்டியலில் உள்ளன. கூப்பன் பேசிய தள்ளுபடி கணக்கில் வராமற்போனால், கூப்பன் நிபந்தனை தெரியும் பக்கத்தையும் பணம் கட்டிய பக்கத்தையும் திரைப்படமாகப் பிடித்து வைத்துக்கொண்டு கடைக்கு எழுதலாம். பதில் இல்லையேல் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம், தமிழிலும் பேசலாம்.

அதற்கும் மசியாத கடையை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இழுக்கலாம். கடையின் தலைமை அலுவலகம் பெங்களூரில் இருக்கிறதே, தில்லியில் இருக்கிறதே என்று மலைக்க வேண்டாம். புதிய சட்டப்படி, வாங்கியவர் தாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம், ரூ.5 லட்சம் வரை கொடுத்து வாங்கிய சரக்கு பற்றிய புகாருக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ரசீது, திரைப்படங்கள், கடைக்கு எழுதிய கடிதம் ஆகியவற்றின் நகல் இருந்தால் போதும். எழுதத் தயங்கும் அங்கத்தினர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கும் பணியைச் சங்கங்களின் காரியதரிசிகள் ஏற்றுக்கொள்ளலாம்.